சட்டைப் பையில் ஒரு மாத்திரை: பேனிக் அட்டாக்கோடு வாழ்ந்த ஒருவர், ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் ஒரே ஆள் அல்ல. பேனிக் அட்டாக், அதாவது ஆபத்து எதுவும் இல்லாதபோதும் திடீரென்று மூளும் கடும் பயமும் படபடப்பும், என்ற ஒரே மாதிரித் தொல்லையோடு என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி, ஒருவராக்கி எழுதியிருக்கிறேன். அவரைக் கணக்கர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வந்த காரணம்

கணக்கருக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. குடி, சிகரெட் கிடையாது. டீ மட்டும் ஒரு நாளைக்கு ஏழெட்டு.

உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது: "மேடம், எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்க. ஹார்ட் டாக்டர்தான் ஒருவாட்டி பாத்துட்டு வரச் சொன்னாருங்க."

கையில் தடித்த ஃபைல். உள்ளே ஐந்தாறு இசிஜி, ஒரு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), ஒரு டிஎம்டி (ஓடவைத்து எடுக்கும் இதயப் பரிசோதனை), தைராய்டு, ஹீமோகுளோபின், கொழுப்புப் பரிசோதனைகள். 'கேஸ் ட்ரபிளா இருக்கும்' என்று யாரோ சொன்னதால் எடுத்த எண்டோஸ்கோப்பி வேறு. எல்லாத் தாளிலும் நார்மல். அதை நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "நார்மல்னா அப்புறம் எதுக்குங்க இப்படி அடிக்குது?"

இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. அதுவரை அவர் பார்த்த யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. 'உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, டென்ஷனைக் குறைங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் பயந்தவர் நிம்மதியாவார் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் நெஞ்சு படபடப்பது நிஜம், விரல் மரத்துப்போவது நிஜம். தன் உடம்பில் நடப்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாத டாக்டர்களிடம் மாட்டிக்கொண்டோம் என்றுதான் அவர் முடிவுக்கு வந்திருந்தார். அடுத்த டாக்டர், அடுத்த இசிஜி என்று ஃபைல் தடித்தது அப்படித்தான்.

தொடங்கியது ஒரு பேருந்தில். கூட வேலை பார்த்த ஒருவர், நாற்பதைத் தொடாதவர், மாரடைப்பில் இறந்துபோனார். எழவு வீட்டுக்குப் போய்வந்த சில நாள் கழித்து, ஆடிட்டர் அலுவலகத்துக்காகக் கோவை கிளம்பினார் கணக்கர். மாதக் கடைசி. முந்தின இரவு சரியான தூக்கமில்லை, காலைச் சாப்பாடும் இல்லை, மூன்று டீ. ஏறியது இடையில் நிற்காத பேருந்து. அவிநாசி தாண்டியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மூச்சு போதவில்லை. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்தன. கண் இருட்டியது. 'அவ்வளவுதான், போய்ச் சேரப்போறோம்' என்ற எண்ணம் வந்தது. நடத்துநரிடம் கெஞ்சி, கருமத்தம்பட்டியில் இறங்கி, பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனார். இசிஜி எடுத்து முடிப்பதற்குள் படபடப்பு பாதி அடங்கிவிட்டது.

அதன் பிறகு நிற்காத பேருந்தில் ஏறவில்லை. கொஞ்ச நாளில் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. பைக்கில் போனார். அப்புறம் பைக்கில் தனியாகப் போவதும் நின்றது. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை, கோயிலில் வாசலோரம், சினிமாவே வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். கோவை வேலையை இன்னொரு பையனிடம் தள்ளிவிட்டார். முதலாளிக்குக் காரணம் சொல்லவில்லை. 'முதுகு வலி' என்று சொல்லி வைத்திருந்தார்.

இன்னொரு விவரம் இரண்டாவது சந்திப்பில்தான் வந்தது, அதுவும் எழுந்து கிளம்பும் நேரத்தில். அவருடைய அப்பா நெஞ்சு வலியில் இறந்தபோது அப்பாவுக்கு வயது 39.

பையில் இருந்தவை

ஒரு நாள், வெளியே கிளம்பும்போது என்னென்ன எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். சொல்வதற்குப் பதில் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இரண்டு ஈனோ பாக்கெட். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வீட்டுக்கு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர், அதற்கு உபரி பேட்டரி இரண்டு. முழு சார்ஜில் ஃபோன், சார்ஜ் குறைந்தால் என்ன செய்வது என்று ஒரு பவர் பேங்க். ஃபோனில் ஹார்ட் டாக்டரின் எண் முதல் எண்ணாக. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து, கத்தரியால் வெட்டிய ஒரு துண்டு அட்டை. அதில் படபடப்பைச் சட்டென்று அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை இரண்டு. அட்டையின் ஓரம் மழுங்கி, எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது.

"இதை எப்போ கடைசியாச் சாப்பிட்டீங்க?"

யோசித்தார். "சாப்பிட்டே ரொம்ப நாளாச்சுங்க. பையில இருந்தாப் போதும். சட்டை மாத்தும்போது இதையும் மாத்திருவேன்."

இந்த ஆய்வை எழுதக் காரணமே அந்தப் பதில்தான். வாய்க்குள்ளேயே போகாத மாத்திரை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவர் கணக்கில் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் மாரடைப்பு வராமல் வீடு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: மாத்திரை இருந்தது, தண்ணீர் இருந்தது, கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், கூட ஆள் இருந்தார். 'இதயம் நன்றாக இருக்கிறது, அதனால் எதுவும் ஆகவில்லை' என்ற எளிய காரணத்துக்கு அங்கே இடமே இல்லை. நூறு முறை பத்திரமாக வீடு திரும்பியும் பயம் ஒரு பிடி குறையாததற்கு அதுதான் காரணம்.

உளவியலில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991-இல் இதை விரிவாக எழுதினார். அதற்கு முன் 1986-இல் டேவிட் கிளார்க், பேனிக் எப்படி மூள்கிறது என்று ஒரு விளக்கம் தந்திருந்தார். உடம்பில் ஒரு சின்ன மாற்றம் நடக்கிறது. அதை ஆபத்து என்று மனம் படிக்கிறது. பயம் வருகிறது. பயத்தால் அந்த மாற்றம் பெரிதாகிறது. 'பார்த்தாயா, நினைத்தது சரிதான்' என்று மனம் இன்னும் பயப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கரின் சட்டைப் பை முழுசாக விளங்கிவிடும்.

மனதைச் சமாளிக்க ஊரில் கிடைக்கும் யோசனைகள் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவற்றில் முக்கால்வாசி பையில் இன்னொரு பொருளைச் சேர்க்கிறவை. எண்ணி எண்ணி மூச்சுவிடு, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல், ஐஸ் கட்டியைப் பிடி. கணக்கர் யூடியூபில் பார்த்து இவை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார். நாளுக்கு இரண்டு வேளை நிதானமாக மூச்சுப் பயிற்சி செய்வதில் கெடுதல் இல்லை, நல்லதுதான். ஆனால் 'இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்' என்று பேருந்தில் மூச்சை எண்ணும்போது, அந்த மூச்சும் பாட்டில், மாத்திரை வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

பரிசோதித்தவை

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் முதன்முறை வந்தால் போகவேண்டிய இடம் மருத்துவமனைதான். 'பேனிக்கா இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. கணக்கருக்கு அந்த வேலையை இதய மருத்துவர் ஒழுங்காகச் செய்திருந்தார். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் படபடப்பு வரும். அவையும் இல்லை.

பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் 2006-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 0 முதல் 21 வரை மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே கவனித்துப் பார்க்கவேண்டும் என்பது வழக்கம். அவர் நன்றாகவே தாண்டியிருந்தார். மனச்சோர்வு இருக்கிறதா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உண்டா என்றும் கேட்டேன். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. அவருக்கு அது இல்லை. சாவுக்குப் பயந்துதான் அவர் வந்திருந்தார்.

அப்பாவின் வயது விஷயத்தை அப்படியே விட முடியாது. அப்பா 39-இல் மாரடைப்பில் போயிருந்தால் மகனுக்கு இதய நோய் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். அது கற்பனை அல்ல. இதை நான் மூடி மறைத்திருந்தால் என்னையும் அவர் நம்பியிருக்க மாட்டார். இதய மருத்துவரிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வருடம் ஒருமுறை கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது. தினமும் நடப்பது. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் பாரம் வந்து, நின்றால் குறைகிறது என்றால் உடனே வருவது. நிஜமான அபாயத்துக்குச் செய்யவேண்டியது அவ்வளவு. மணிக்கொரு முறை விரலில் கருவியை மாட்டிப் பார்ப்பதால் அந்த அபாயம் ஒரு துளியும் குறையாது.

இதயம் ஏன் அடிக்கிறது

அவர் கேட்ட கேள்விக்குப் பதிலை வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. மருத்துவர் சரி சொன்ன பிறகு ஒரு சோதனை செய்தோம். ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டச் சொன்னேன். நாய் இளைப்பதுபோல் ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொன்னேன். நானும் கூடவே செய்தேன்.

அரை நிமிடத்தில் முகம் மாறியது. "விரலு மரக்குதுங்க." இன்னும் கொஞ்சம் போனதும், "தல சுத்துது. இதேதாங்க மேடம், இதேதான் பஸ்ஸுல வந்துச்சு." கருவியில் நாடித் துடிப்பு 110-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் 99.

மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது அவர் உடம்பில் ஆக்சிஜன் குறையவே இல்லை. குறைந்தது கார்பன் டை ஆக்சைடு. தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் அது வெளியேறிவிடும். ரத்தத்தின் அமிலக் காரச் சமநிலை கொஞ்சம் நகரும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் தலைச் சுற்றல், விரலிலும் உதட்டிலும் மரமரப்பு, கண் மங்கல். இவை எதுவும் ஆபத்தில்லை, மூச்சு இயல்புக்கு வந்தால் சில நிமிடங்களில் போய்விடும். துடிப்பு கூடுவது அட்ரினலின் வேலை. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. பேருந்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓட இடமில்லை, சண்டை போட ஆளில்லை. அதனால் மொத்தமும் நெஞ்சுக்குள் கேட்கிறது.

'மயங்கி விழுந்துவிட்டால்?' என்றார். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கவேண்டும். பேனிக்கில் பெரும்பாலும் அது ஏறத்தான் செய்யும். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குகிறவர்கள் உண்டு, அவர்கள் கதை வேறு. கணக்கர் இத்தனை அட்டாக்கில் ஒருமுறைகூட விழுந்ததில்லை என்பதை அவரே எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

இந்தத் தொல்லை புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு இதயத்தில் கோளாறு இல்லாமலே படபடப்பும் நெஞ்சு வலியும் வந்ததை ஜேகப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் எழுதி வைத்தார். பேனிக் என்று தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்ந்தது 1980-இல்தான். இடையில் நூறு வருடத்துக்கு மேல் அது இதய நோயாகவும் நரம்புத் தளர்ச்சியாகவும் அலைந்திருக்கிறது. நம் ஊரில் இன்றும் கேஸ் ட்ரபிளாக அலைகிறது.

கணக்கருக்குப் பிடித்துப்போன கதை கிளேர் வீக்ஸுடையது. ஆஸ்திரேலியாவில் 1903-இல் பிறந்தவர், முதலில் விலங்கியல் ஆய்வாளர். இளவயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். படுத்தே கிடந்ததில் இதயத் துடிப்பின்மேலேயே கவனம் போய், மாதக்கணக்கில் படபடப்போடு தவித்தார். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஒரு நண்பர் அவரிடம், பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்தது, அது பயத்தால் வருவது என்று சொன்னார். வீக்ஸுக்கு அது போதுமாக இருந்தது. பின்னாளில் மருத்துவராகி, பயத்தோடு சண்டை போடாமல் அதை வரவிட்டு, கடந்து போக விடச் சொல்லிக் கொடுத்தார். "படிச்ச விஞ்ஞானிக்கே இப்படியா?" என்று கணக்கர் கேட்டதில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மருந்து

ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்துதான் பார்த்தார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் செர்ட்ரலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். இந்த வகை மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் சில நாட்களில் படபடப்பு லேசாகக் கூடவும் செய்யும். இதைச் சொல்லாமல் கொடுத்தால், உடம்பில் நடக்கும் சின்ன அசைவையும் எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். சொல்லித்தான் கொடுத்தார், அப்படியும் கணக்கர் நான்காம் நாள் ஃபோன் செய்தார்.

அல்பிரசோலம் விஷயம் வேறு. அது உடனே கேட்கும், அதனாலேயே பழக்கமாகும். 2014 முதல் இந்தியாவில் அது எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்கவும் வேண்டும். கணக்கர் அதைத் தினமும் சாப்பிடவில்லை என்பதால் விடுவதில் சிரமமில்லை. தினமும் சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் பார்த்துப் பார்த்துத்தான் குறைக்கவேண்டும்.

டீயை இரண்டாகக் குறைக்கச் சொன்னேன். பேனிக் உள்ளவர்களுக்குக் காஃபின் படபடப்பைக் கிளப்பிவிடும். மருந்துக்குச் சம்மதித்தவர் டீக்குச் சம்மதிக்கத்தான் நாளானது.

பேரேடு

அவருக்கு ஒரு நோட்டு கொடுத்து, வெளியே போகும்போது என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதை எழுதச் சொன்னேன். மறுவாரம் அவர் கொண்டுவந்தது கட்டம் போட்ட பேரேடு. இடது பக்கம் தேதி, 'என்ன ஆகும் என்று நினைத்தேன்', 'எத்தனை சதவீதம் நம்பினேன்'. வலது பக்கம் 'நிஜமாக என்ன ஆனது'. அடியில் மாதக் கூட்டல் போட இடம்கூட விட்டிருந்தார். நான் சொல்லித் தந்திருக்கக்கூடிய எதையும்விட அது நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம்.

முதல் பதிவு மாடிப்படி. கம்பெனியின் மூன்று மாடியை வேகமாக ஏறவேண்டும். 'நெஞ்சு வெடிக்கும், 70 சதவீதம்.' வலது பக்கம்: 'வேர்த்தது. நாலு நிமிசத்தில் சரியானது. செக்யூரிட்டி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.'

அடுத்து, மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிடுவது. சுழல் நாற்காலியில் சுற்றுவது. பயமுறுத்தும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை தாமாக வந்து தாமாகப் போவதைப் பார்க்கிற பயிற்சி இது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

பிறகு பேருந்து. முதலில் அவிநாசி வரை டவுன் பஸ், கதவுப் பக்கம், எல்லாச் சாமானோடும். அடுத்த முறை பவர் பேங்க் இல்லாமல். அதற்கடுத்து ஆக்சிமீட்டர் வீட்டில். பிறகு நடு சீட், பிறகு ஜன்னலோரம், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து வழி அடைபடும்படி. தண்ணீர் பாட்டிலை விடுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. மாத்திரைத் துண்டுதான் கடைசிவரை இருந்தது.

அதை விடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. பேரேட்டில் ஒரு வரி எழுதச் சொன்னேன்: 'மாத்திரை இல்லாமல் அவிநாசி போனால் என்ன ஆகும்?' ஒரு வாரம் அந்த வரி வலது பக்கம் காலியாகக் கிடந்தது. கணக்குப் பார்க்கிற மனுசனுக்குப் பூர்த்தியாகாத பதிவு உறுத்தும். அடுத்த வாரம் போய்விட்டார். படபடப்பு வந்தது, பயங்கரமாகத்தான் வந்தது. பழங்கரை தாண்டும்போது உச்சம், அவிநாசி வரும்போது இறங்கிவிட்டது. பேனிக்கின் உச்சம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் வந்து போய்விடும். அதுவரை அவர் ஒருமுறைகூட முடிவுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்போதும் பாதியில் இறங்கியிருக்கிறார், அல்லது எதையாவது பிடித்திருக்கிறார்.

ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அன்றைக்குப் பயம் குறைகிறதே, அது லாபம்தானே என்று ஒருமுறை வாதாடினார். பிறகு அவரே, "இல்லீங்க, அது வட்டிக்கு வாங்கிக் கடனைக் கட்டுற மாதிரி" என்றார். நான் எதுவும் சேர்க்கவில்லை.

வீட்டில்

இவர் சட்டைப் பையில் வைக்க முடியாத ஒரு பாதுகாப்பு மனைவி. கணக்கர் நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை அவருக்கு ஃபோன் செய்து, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பார். மனைவியும், "ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க" என்பார். பதிலின் சூடு அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் ஃபோன்.

இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியதில், அவர் கேட்டால் மனைவி உறுதி சொல்லாமல், "பேரேட்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்பது என்று முடிவானது. கணக்கர் சம்மதித்த பிறகுதான் செய்தோம். அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால் அது தண்டனையாகியிருக்கும். மனைவிக்கு முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "புருசன் பயந்துக்கிட்டுக் கேக்கறப்ப பதில் சொல்லாம இருக்கறது கல்நெஞ்சு மாதிரி இருக்குதுங்க மேடம்" என்று அழுதார். இந்தச் சிகிச்சையில் அதிகம் பாடுபட்டவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

அம்மா தன் வழியில் போராடிக்கொண்டிருந்தார். மந்திரித்த கயிறு, பொட்டலத்தில் திருநீறு, செவ்வாய்க்கிழமை சுற்றிப்போடுவது. கயிறும் பாதுகாப்பு நடத்தையா என்று கணக்கரே கேட்டார். சாமி நம்பிக்கையில் கை வைப்பது என் வேலையில்லை, அப்படிக் கை வைத்தால் ஆள் மறுமுறை வரமாட்டார் என்பதும் தெரியும். திருநீற்றுப் பொட்டலத்தை மறந்து வந்துவிட்டால் பாதி வழியில் திரும்பிப் போவதுண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றார். திரும்பிப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டோம். கயிறு கையில் இருந்தது.

சறுக்கல்

நான்காவது மாதம், எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில், நெருங்கிய பங்காளி ஒருவர் இறந்துபோனார். இதுவும் மாரடைப்பு. இரவெல்லாம் துக்க வீட்டில் விழித்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கோவைப் பேருந்தில் ஏறியவர் கருமத்தம்பட்டியில் இறங்கிவிட்டார். அதே ஊர். "எல்லாம் போச்சுங்க மேடம், மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று ஃபோனில் சொன்னார்.

அவர் சொன்னதை வைத்தே பேசினோம். இறங்கி எங்கே போனீர்கள்? டீக்கடை. மருத்துவமனை இல்லையா? இல்லை. என்ன குடித்தீர்கள்? டீ வேண்டாம் என்று பால். அப்புறம்? கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அடங்கியது, அடுத்த பஸ் வந்தது. வீட்டுக்கா? கோவைக்கு. போய் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முதல்முறை அதே ஊரில் இறங்கி ஆட்டோ பிடித்தவர், இந்தமுறை அங்கிருந்து அடுத்த பேருந்தைப் பிடித்திருக்கிறார். பேரேட்டில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி என்றேன்.

எங்கே போவது

திருப்பூர் கணக்கருக்குக் கையில் கொஞ்சம் காசும், அனுப்பிவைத்த ஒரு நல்ல இதய மருத்துவரும் இருந்தார்கள். பலருக்கு இரண்டும் இல்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், இந்த மாதிரிப் பொதுவான மனநலத் தொல்லை உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் சிகிச்சைக்கே வரவில்லை என்று தெரிந்தது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மருந்தும் இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையில் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கணக்கர் அந்த எண்ணைக் கூட வேலை பார்க்கும் ஒரு தையல்காரருக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் தையல்காரரும் கேஸ் ட்ரபிளுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

இப்போது

ஜிஏடி-7 மதிப்பெண் ஐந்தாறுக்கு இறங்கியிருக்கிறது. மாதம் இரண்டு முறை கோவை போகிறார், நிற்காத பேருந்தில். காந்திபுரத்தில் இறங்கும்போது சில நாள் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கிறது என்கிறார். அடித்துக்கொண்டே நடந்து போய்விடுகிறார். லிஃப்டில் இன்னும் ஏறுவதில்லை. படி ஏறுவது இதயத்துக்கு நல்லது என்று எனக்கே பாடம் எடுக்கிறார், அது தவிர்ப்பா உடற்பயிற்சியா என்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது. எழவு வீட்டில் இரவு தங்குவதில்லை, விசாரித்துவிட்டு வந்துவிடுகிறார்.

செர்ட்ரலின் தொடர்கிறது. நன்றாகிவிட்டதே என்று உடனே நிறுத்தாமல், குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பதுதான் வழக்கம். அந்தக் கணக்குப்படி குறைக்கத் தொடங்குவது அவருடைய 38-ஆம் பிறந்தநாளையொட்டி வரும். அடுத்த வருடம் அப்பாவின் வயது. அந்த வருடத்தைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். மருந்தைக் குறைக்கும் காலத்தையும் அந்த வயதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரவிடலாமா என்று மனநல மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யவேண்டும்.